ஜோதி அக்கா வீட்டு மாடி

ஓசூர்,
8 ஜனவரி 2026

அன்புள்ள ஜோதி அக்காவுக்கு,

சம்பங்கி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் மகள் ஸ்வாதியும் நலம். அங்கே நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? வெங்கடப்பன் மாமாவுக்கு மூச்சு பரவாயில்லையா? சாமல்பட்டிக் காற்று ஒத்துக்கொள்கிறதா?

போனில் கேட்க வேண்டியதை எல்லாம் தாளில் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். நீங்கள் இங்கே வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே போன மூன்று மாதத்தில் எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று உங்கள் போனையே எடுத்துப் பாருங்கள். என் பெயரைப் பார்த்ததும் கட் செய்கிறீர்கள். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் படிக்காமல் கிழிக்கிற ஆள் நீங்கள் இல்லை. கரண்ட் பில்லையே இரண்டு தடவை படிப்பீர்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாசி மாதம் முடிவதற்குள் உங்கள் மாடியில் இருக்கும் சோலார் பேனல்களைக் கழற்றிவிட வேண்டுமாம். உங்கள் தம்பி சென்றாயன் வந்து, வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நீங்கள் சொல்லி அனுப்பியதைத்தான் சொன்னார் என்று தெரியும், அவர் மேல் கோபம் இல்லை.

நம் வரிசையில் ஆறு வீடு, பதினெட்டு பேனல். அதில் பன்னிரண்டு உங்கள் மாடியில். மேற்கே அந்த ஐந்து மாடி ஹாஸ்டலைக் கட்டிய பிறகு மற்ற மாடிகளில் மத்தியானம் இரண்டு மணிக்கே நிழல் விழுந்துவிடுகிறது. உங்கள் மூலை வீட்டுக்கு மட்டும்தான் சாயங்காலம் வரை வெயில். மீதி ஆறை வைத்துக்கொண்டு என் வீட்டுப் பக்க அறையில் நிற்கும் பேட்டரி கால்வாசிகூட நிரம்பாது. பன்னிரண்டும் இறங்கினால் நம் பொதுக் கரண்ட் அன்றோடு முடிந்தது.

இதை யாருக்காக ஆரம்பித்தோம் அக்கா? மாமா கிரானைட் பாலிஷ் பட்டறையில் இருபது வருஷம் கல்தூசியை மூச்சாக இழுத்து, கடைசியில் ஆக்சிஜன் மிஷினோடு வீட்டில் படுத்தார். அந்த வருஷக் கோடையில் கரண்ட் போகும்போதெல்லாம் நீங்கள் வாசலுக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றதை ஆறு வீடும் பார்த்தது. நாலாவது வீட்டு மணிவேல்தான், "ஆளுக்கொரு யு.பி.எஸ். வாங்கறதுக்கு, எல்லாரும் சேர்ந்து ஒரே பெரிய பேட்டரியா வெச்சிக்கலாம்க்கா" என்று சொன்னான். ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் வேலை முடிந்து வந்து, ஞாயிற்றுக்கிழமையும் பார்க்காமல் அவனே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒயர் இழுத்தான்.

ஆயுத பூஜை அன்று கரண்ட் போய், பேட்டரியும் கைவிட்டு, மாமாவை ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைக்கும்படி ஆனது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் கழற்ற வேண்டாம் அக்கா. உங்களுக்குத் தேவையில்லை என்றாலும் எங்களுக்காக விட்டுவைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீங்களும் மாமாவும் திரும்பி வர வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். பதில் போடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
சம்பங்கி


சாமல்பட்டி,
19 ஜனவரி 2026

சம்பங்கிக்கு, ஜோதியம்மாள் எழுதுவது.

உன் கடிதம் மாட்டுப் பொங்கல் கழிந்து வந்தது. இரண்டு தடவை படித்தேன், நீ சொன்னபடியே.

அவர் இருக்கிறார். வாசலில் இருந்து கிணறு வரை நடப்பார், திரும்பி வர வழியில் ஒரு நாற்காலி போட வேண்டும். இங்கே கரண்ட் போனால் எப்போது வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது. ஊத்தங்கரையில் இருந்து ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்துவந்து கட்டில் பக்கத்திலேயே சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிறேன். ரயில் போகும்போது சங்கிலி சத்தம் போடுகிறது. இருந்தாலும் சிலிண்டர் மேல் இருக்கும் மீட்டர் முள்ளைப் பார்த்தால் எவ்வளவு பாக்கி என்று எனக்குத் தெரிகிறது.

ஓசூரிலும் ஒரு சிலிண்டர் வைத்திருந்தேன். அதை ஏன் ஆடி மாதம் திருப்பிக் கொடுத்தேன்? பேட்டரி வந்துவிட்டது, இனி இந்த இரும்பு எதற்கு என்று மணிவேல் சொன்னான். நீயும் பக்கத்தில் நின்று தலையாட்டினாய். நானும் கேட்டேன்.

ஆயுத பூஜை அன்றைக்குக் கோயிலில் பொரி கடலை கொடுக்கப் போனவள் மழையில் மாட்டிக்கொண்டேன். வந்து பார்த்தால் வீடு இருட்டு. மிஷின் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கிறது. அவர் கட்டிலில் இருந்து பாதி சரிந்து, கண் மேலே போய்க் கிடந்தார். நான் போட்ட சத்தம் முடிவதற்குள் விளக்கு வந்தது. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் அழைத்து வந்திருக்கவே வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். நீயும் என் பக்கத்தில்தான் நின்று கேட்டாய்.

எனக்கு ஒரே கேள்விதான். அந்தப் பெட்டி ஏன் நின்றது? மணிவேலிடம் கேட்டேன். "தெரியலக்கா, தேடிட்டு இருக்கேன்" என்றான். கட்டினவனுக்கே தெரியவில்லை. ஏன் நின்றது என்று தெரியாத ஒன்றை நம்பி என் புருஷனை எப்படி மறுபடி அங்கே படுக்கவைப்பேன்? அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவன் தொட்ட பேனல் என் மாடியில் இருக்கவும் வேண்டாம்.

மாசி கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறேன். அதுவே அதிகம். ஸ்வாதியை நன்றாகப் படிக்கச் சொல்.

ஜோதியம்மாள்


ஓசூர்,
25 ஜனவரி 2026, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று தாளில் எழுதிக் கிழித்துவிட்டு நாலாவது தாளில் எழுதுகிறேன். நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

பேட்டரி தானாக நிற்கவில்லை. மணிவேல் வேலையில் ஒரு குறையும் இல்லை. நிறுத்தியது நான்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானமே லைனை நிறுத்திவிடுவோம். அவரவர் மிஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, மெயின் ஸ்விட்சை இறக்கி அணைத்துவிடுவோம். லீவு முடிந்து வரும்வரை யாரும் தொடக் கூடாது. வருஷம் முழுக்க ஓடுகிற மிஷினுக்கு அது ஒன்றுதான் ஓய்வு. பதினாறு வருஷமாக என் பிரஸ் மிஷினுக்கு என் கையால் செய்கிறேன். மறுநாள் நம் பேட்டரிக்கும் அப்படியே செய்தேன்.

காலையில் ஆறு வீடும் வந்து கும்பிட்டுவிட்டு, சுண்டல் வாங்கிக்கொண்டு போனீர்கள். நீங்களும் ஒரு முழம் சாமந்தி கொண்டுவந்து பெட்டி மேல் போட்டீர்கள். எல்லோரும் போன பிறகு, "ராப்பகலா உழைக்கிறே, இன்னிக்கு ஒரு நாளு நீயும் சும்மா இரு" என்று அதனிடம் சொல்லி, மெயினை இறக்கி, அறையைப் பூட்டினேன். வெளியே ஈ.பி. கரண்ட் இருந்தது. அதனால் ஒரு வீட்டிலும் விளக்கு சிமிட்டக்கூட இல்லை. மணிவேலும் காலையில் கும்பிட்டு முடித்ததும் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டான்.

அந்த நேரத்தில் மாமாவின் மிஷின் என் நினைவுக்கே வரவில்லை அக்கா. இந்த ஒரு வரியை எழுத முடியாமல்தான் மூன்று தாளைக் கிழித்தேன்.

மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். ஃபேன் நின்று, வியர்த்து விழித்தேன். வெளியே இடியும் மழையும். கரண்ட் போய்விட்டது போலிருக்கிறது என்று புரண்டு படுத்தேன். நமக்குத்தான் பேட்டரி இருக்கிறதே, ஃபேன் ஏன் நின்றது என்று எனக்கு உறைக்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. உறைத்ததும் ஓடினேன். சாவி முதலில் பூட்டுக்குள் போகவில்லை, திருப்பிப் போட்டுத் திறந்தேன். மெயினைத் தூக்கினேன். விளக்கு வந்தபோதே உங்கள் சத்தமும் கேட்டது.

ஆட்டோவில் மாமாவைத் தூக்கிப் போட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நாலு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் மணிவேலைத் திட்டித் திட்டி அழுதீர்கள். நான் உங்கள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அந்தக் கையை இப்போது எனக்கே பிடிக்கவில்லை.

மணிவேல் நாலு மாதமாக அந்தப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறான். இருக்கிற லீவு எல்லாம் அதிலேயே தீர்ந்தது. போன வாரம் வீட்டைக் காலி செய்யப் போவதாகச் சொன்னான். "ஜோதியக்கா மூஞ்சியில முழிக்க முடியலக்கா" என்றான். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

உங்களுக்கு முதலில் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அந்தப் பெட்டி ஏன் நின்றது என்று கேட்டீர்கள், பதில் இதுதான். என் மேல் இருக்கும் கோபத்தில் மாடியைக் காலி செய்துவிடாதீர்கள்.

சம்பங்கி


சாமல்பட்டி,
3 பிப்ரவரி 2026

சம்பங்கிக்கு,

கடிதம் கிடைத்தது. அவரிடம் காட்டவில்லை. இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

ஜோதியம்மாள்


ஓசூர்,
15 பிப்ரவரி 2026, சிவராத்திரி

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். மாசி முடிய இன்னும் நாலு வாரம் இருக்கிறது. அதுவரை எழுதத்தான் செய்வேன். படிக்காமல் மாமாவின் மருந்து டப்பாவுக்கு அடியில் வைத்தாலும் சரி.

சொன்னபடி ஒன்றாம் தேதி காலையில் எல்லோரையும் பேட்டரி அறை வாசலுக்குக் கூப்பிட்டேன். உங்களைத் தவிர எல்லா வீடும் வந்தது. நின்றபடியே, தண்ணீர் குடிக்காமல், முதலில் இருந்து கடைசி வரை சொல்லி முடித்தேன். என் வீட்டுக்காரருக்கும் அப்போதுதான் தெரியும். அவர் எழுந்து போய், தான் ஓட்டும் கம்பெனி பஸ்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். மூன்று நாள் தன் சாப்பாட்டைத் தானே போட்டுச் சாப்பிட்டார்.

நம் வரிசைச் சரோஜம்மா, "ஆயித்து பிடு" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆனது ஆச்சு விடு என்று அவர் விட்டுவிட்டார். சௌமியா விடவில்லை. அவள் குழந்தைக்கு வீசிங் இருப்பது உங்களுக்குத் தெரியும். "நாலு மாசமா அந்தப் பெட்டியை நம்பித்தான் நான் புள்ளைய தூங்க வெச்சேன். மறுபடியும் உங்களுக்குப் பக்தி வந்து ஆஃப் பண்ணியிருந்தா?" என்று கேட்டாள். சாவியைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். அறை என் வீட்டில் இருந்தாலும் இப்போது அது அவள் பொறுப்பு.

மணிவேல் படியில் உட்கார்ந்துவிட்டான். "இல்லாத ஃபால்ட்டைத்தான் நாலு மாசமா தேடினனாக்கா?" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு வாரம் என் பக்கம் திரும்பவில்லை. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் டூல்ஸ் பையோடு வந்து நின்று, "ஒரு மனுசி கைய வெச்சு எறக்கினா நிக்கிற மாதிரி கட்டினது என் தப்புதான், நகருங்க" என்றான். வீட்டைக் காலி செய்யும் பேச்சை விட்டுவிட்டான்.

இப்போது என்ன செய்திருக்கிறான் தெரியுமா? பேட்டரி மெயினை யாராவது இறக்கினால் ஆறு வீட்டிலும் மணி அடிக்கும். தூக்கும்வரை நிற்காது. உங்கள் பூட்டிய வீட்டிலும் ஒன்று மாட்ட, கதவைத் திறந்துவிடச் சொல்லிச் சென்றாயனிடம் கெஞ்சினேன், ஒருநாள் வந்து திறந்துவிட்டார். மூன்று தடவை இறக்கிப் பார்த்தோம். ஹாஸ்டல் பையன்கள் எல்லாம் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள், சரோஜம்மா வீட்டுப் பூனை இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்படிச் சத்தம்.

தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து, வெளிப்படி வழியாக ஏறி உங்கள் மாடியில் பேனலைத் துடைக்கிறேன். சிப்காட் ஃபேக்டரித் தூசி ஒரு நாளில் விரல் கோடு போடுகிற அளவுக்குப் படிகிறது. அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

கடைசி நாளிலும் நீங்கள் வேண்டாம் என்றால், ஸ்பானரை எடுத்துக்கொண்டு நானே ஏறிப் பன்னிரண்டையும் இறக்குவேன். மணிவேலை ஏறவிட மாட்டேன். அது நான் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அது வரை வாருங்கள், வாருங்கள் என்று சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். மாமா இல்லாமல் இந்தக் கரண்டில் ஓடுகிற ஃபேனுக்குக் கீழே உட்கார எனக்குப் பிடிக்கவில்லை அக்கா.

சம்பங்கி


சாமல்பட்டி,
6 மார்ச் 2026, வெள்ளி

சம்பங்கிக்கு,

எழுதாதே என்றால் எழுதுகிறாய். உன்னிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்.

உன் கடிதங்களை அவர் கண்ணில் படாமல்தான் வைத்திருந்தேன். போன வாரம் நான் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் எடுத்து எல்லாவற்றையும் படித்திருக்கிறார். வந்து பார்த்தால் சிரிக்கிறார். சிரித்து இருமி, இருமிச் சிரித்து, எனக்குப் பயமாகிவிட்டது. "பேட்டரிக்கு லீவு வுட்டாளா சம்பங்கி? பாலிஷ் பட்டறையில இருவது வருசம் எனக்கு ஒருத்தனும் லீவு வுடல, ஜோதி" என்றார். சாகப் பார்த்த மனுஷன் சிரிக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்து கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன்.

அன்று இரவு அவரிடம் ஒன்றைச் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன்.

மழையில் மாட்டிக்கொண்டேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். மாட்டிக்கொள்ளவில்லை. கோயிலில் இருந்து நம் வீட்டுக்கு எவ்வளவு தூரம், ஓடினால் இரண்டு நிமிஷம். கோயில் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றேன். கரண்ட் போனது. கூட நின்ற பூங்கொடி, "மாமா தனியா இருப்பாரே, போகலியாக்கா?" என்று கேட்டாள். "பேட்டரி இருக்குது, எதுக்கு நனைஞ்சிட்டு ஓடணும்" என்றேன். கட்டியிருந்தது புதுச் சேலை. அது நனையக் கூடாது என்று இருபது நிமிஷம் நின்றேன். பொரி கொறித்துக்கொண்டு நின்றேன், சம்பங்கி.

இதை மறைக்க எனக்கு மணிவேல் தேவைப்பட்டான். அவனைத் திட்டும்வரை அந்தத் தகரத்தை நான் நினைக்க வேண்டியதில்லை. நீ மூன்று தாளைக் கிழித்தது போல நானும் என்னென்னவோ கிழித்தேன். அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று அவனிடம் கேட்காதே.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். வரவில்லை. வராததை எழுத மாட்டேன்.

ஆனால் பேனல் மாடியிலேயே இருக்கட்டும். மாசிக் கெடுவும் இனி இல்லை. பங்குனி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை சென்றாயன் வண்டி பேசிக் கூட்டிவருகிறான். சிலிண்டரும் எங்களோடு வருகிறது. மணிவேல் சொன்னாலும் சரி, கலெக்டரே வந்து சொன்னாலும் சரி, அது கட்டில் பக்கத்தில்தான் நிற்கும்.

இன்னொன்று. சாவியைச் சௌமியாவிடம் இருந்து நீ திரும்ப வாங்க வேண்டும். நேற்று அவளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அரைமணி நேரம் என்னோடு சண்டை போட்டாள். உங்களுக்கு என்ன பைத்தியமா என்று கேட்டாள். சௌமியா நல்ல பெண், கவனமான பெண். ஆனால் அந்த மெயின் இறங்கினால் என்ன ஆகும் என்பது அவளுக்குச் சொல்லித்தான் தெரியும். உனக்கு அப்படி இல்லை. இனி உயிர் போனாலும் அதை இறக்கவிட மாட்டாய். அதனால் அவர் மூச்சை உன் பொறுப்பில்தான் விடுவேன். வேறு யார் பொறுப்பிலும் அந்த வீட்டில் அவரைப் படுக்கவைக்க எனக்குச் சம்மதம் இல்லை.

நாங்கள் வந்து இறங்கும்போது ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழாதே. என்னால் இன்னும் முடியாது. நீ அந்தப் பேட்டரி அறையிலேயே இரு. நான் அவரைப் படுக்கவைத்து, மிஷினை மாட்டி, எங்கள் வீட்டு ஈ.பி. மெயினை என் கையாலேயே இறக்குவேன். ஒரு மணி நேரம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். மிஷின் காற்று ஒரு நொடி நின்றாலும் அதே வண்டியில் திரும்பிவிடுவேன்.

நிற்கவில்லை என்றால் ஜன்னலைத் திறந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அப்போது வா.

உன்
ஜோதி அக்கா